நவம்பர் 28 விக்டோரியா எலக்‌ஷன்: முன்னாடியே போட்டுடலாமா, அன்னைக்கே போகலாமா?

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல இருக்கற எங்க வீட்டுல இந்தப் பஞ்சாயத்து போன மாநிலத் தேர்தலப்போ, 2022லயே நடந்துடுச்சு. நான் ஒரு புதன்கிழமை காலைல ஏர்லி ஓட்டிங் சென்டர்ல போட்டுட்டு வந்துட்டேன், வீட்டுக்காரர் பிடிவாதமா தேர்தல் நாளான சனிக்கிழமைதான்னு சொல்லி பக்கத்து ஸ்கூல்ல போய் நின்னார். இப்ப 2026 நவம்பர் 28 வருது, புதுசா சிட்டிசன் ஆன ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேர் எது பெட்டர்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதிடலாம்னு.

எல்லாருக்கும் தெரிஞ்சதை வேகமா தாண்டிடறேன். தபால், ஏர்லி, அன்னைக்கு நேர்ல, மூணு வழி இருக்கு. போடலன்னா ஃபைன். எங்கயும் ஐடி கேக்க மாட்டாங்க, விரல்ல மையும் கிடையாது. பேரு, அட்ரஸ், இந்த எலக்‌ஷன்ல ஏற்கனவே ஓட்டு போட்டீங்களா, இதான் கேள்வி. (எனக்கு பேரு கட்டத்துலதான் லேட்டாகும், அப்பா பேரு சர்நேமா உக்காந்திருக்கறதால லிஸ்ட் வச்சிருந்த தேர்தல் ஊழியர் அம்மா அதுல மேலயும் கீழயும் தேடிட்டு இருந்தாங்க.)

தபால் பத்தி எனக்கு சொந்த அனுபவம் இல்ல. தேர்தல் நாள் சாயங்காலம் 6 மணிக்குள்ள நிரப்பி கையெழுத்து போட்டிருக்கணும், அடுத்த வெள்ளிக்குள்ள கவர் போய் சேரணும், இது ரூல். எங்க தெருவுக்கு லெட்டர் வர்ற லட்சணத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன், ஆனா நடக்க முடியாதவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்களுக்கு அதுதான் சரியா வரும்னு தோணுது.

சனிக்கிழமை ஓட்டுக்குன்னு ஒரு களை இருக்கு, ஒத்துக்கறேன். ஸ்கூல் வேலி பூரா வேட்பாளர் மூஞ்சி, பிள்ளைங்க கேக் ஸ்டால், சாசேஜ் வாசனை, திருவிழா மாதிரி. 2018ல நானும் ஸ்ட்ரோலரைத் தள்ளிட்டு அப்படித்தான் போனேன், வரிசை கேட்டுக்கு வெளிய வரைக்கும் நின்னுச்சு, உள்ள போறப்போ குழந்தை அழ ஆரம்பிச்சுட்டான். அங்கதான் பிரச்சனை, அதை கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

நம்ம ஊர்ல ஒரே பட்டன், பீப் சத்தம், முடிஞ்சுது. இங்க கீழ்சபைக்கு, அதாவது 88 தொகுதி இருக்கற லெஜிஸ்லேடிவ் அசெம்ப்ளிக்கு, ஓட்டுச்சீட்டுல இருக்கற வேட்பாளர் எல்லாருக்கும் 1, 2, 3னு வரிசையா நம்பர் போடணும், ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் விழுந்தாலோ நடுவுல ஒண்ணு விட்டுப்போனாலோ அந்த ஓட்டு செல்லாம போயிடலாம். பேருக்கு போடற நம்பர் இல்ல அது. 2025 பிப்ரவரில வெரிபி தொகுதி இடைத்தேர்தல்ல பத்துப் பேருக்கு மேல நின்னாங்க, லேபர் கட்சிக்கு முதல் விருப்ப ஓட்டு, அதாவது 1ன்னு போட்டது, 30%கூட வரல, ஆனாலும் மத்தவங்களுக்கு 1 போட்டவங்களோட பிரிஃபரன்ஸ், அதாவது அடுத்தடுத்த நம்பர், வந்து சேர்ந்துதான் தொகுதியைக் காப்பாத்திக்கிட்டாங்க. அப்போ நீங்க போடற 4ம் 5ம்தான் கடைசில யாரு ஜெயிக்கறாங்கன்னு முடிவு பண்ணலாம். அதை இடுப்புல குழந்தை, பின்னாடி நூறு பேர், வாசல்ல நாலு கட்சிக்காரங்க கைல திணிச்ச நாலு கலர் ஹவ் டு ஓட் கார்டு (யாருக்கு எந்த நம்பர் போடணும்னு கட்சி சொல்ற அட்டை), இதோட நின்னு யோசிச்சா எப்படி? 2018ல நான் ஒரு கார்டை அப்படியே பாத்து எழுதிட்டு வந்துட்டேன். முழுசா என் ஓட்டுன்னு அதை சொல்ல மாட்டேன்.

ஏர்லில அந்த நெருக்கடி இல்ல. முந்தின நாள் ராத்திரி வேட்பாளர் லிஸ்டை வச்சு ஒரு துண்டுப் பேப்பர்ல நானே என் வரிசையை எழுதிட்டேன், முதல்ல கடைசி இடம் யாருக்குன்னு முடிவு பண்ணிட்டு அங்கேருந்து மேல வந்தேன், அது ஈஸியா இருந்துச்சு. காலைல பையனை ஸ்கூல்ல விட்டுட்டு நேரா போனா எனக்கு முன்னாடி ஆறேழு பேர்தான். அட்டைத் தடுப்புக்குள்ள நின்னு, பென்சில்ல எழுதி, ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டு மடிச்சேன். பதினைஞ்சு நிமிஷம்கூட ஆகல. சனிக்கிழமை ஏஜ்டு கேர் ஷிஃப்ட் போறவங்க, பிள்ளையை கிரிக்கெட்டுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் மாத்தி மாத்தி கூட்டிட்டு ஓடறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

குறையே இல்லன்னு சொல்லல. போட்ட ஓட்டை திரும்ப எடுக்க முடியாது. கடைசி வாரத்துல உங்க வேட்பாளர் பத்தி ஏதாவது வெளிய வந்தா உக்காந்து வருத்தப்படறதைத் தவிர வழியில்ல. 2022ல நாராகன் தொகுதில ஏர்லி ஓட்டிங் ஓடிட்டு இருக்கறப்பவே நேஷனல்ஸ் கட்சி வேட்பாளர் இறந்துட்டார், கீழ்சபைக்கு அதுவரைக்கும் விழுந்த ஓட்டு எதுவும் கணக்குல வரல, 2023 ஜனவரி 28ல திரும்ப தேர்தல் வச்சாங்க. அபூர்வம்தான், ஆனா நடந்துருக்கு. அதனால முதல் நாளே ஓடாதீங்க, ரெண்டாவது வாரம் நடுவுல ஒரு வேலைநாள் காலைல போங்க, கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்கு வரிசை சனிக்கிழமைக்கு ரிகர்சல் மாதிரி இருக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. போன தடவை நவம்பர் 14லயே தொடங்கிடுச்சு, இந்த தடவைக்கான தேதியை விஇசி (விக்டோரியா தேர்தல் ஆணையம்) சைட்ல ஒரு எட்டு பாத்துடுங்க. புது சிட்டிசன்ஸ், அதுக்கெல்லாம் முன்னாடி பேரைப் பதிவு பண்ணுங்க, ரோலை (வாக்காளர் பட்டியலை) எலக்‌ஷனுக்கு ரொம்ப முன்னாடியே மூடிடுவாங்க.

வீட்டுக்காரர் இந்த தடவையும் சனிக்கிழமைதானாம். என் துண்டுப் பேப்பர் ஐடியாவை மட்டும் எடுத்துக்கறேன்னார், சரி. பையனையும் கூட்டிட்டுப் போறாராம். நாங்க சைவம், போன தடவை ஸ்கூல் சாசேஜ் ஸ்டால்ல அவருக்கு பிரெட்டுல வதக்கின வெங்காயமும் சாஸும் மட்டும் வச்சுக் கொடுத்தாங்க, அதுக்கே ஒரு வாரம் புகழ்ந்துட்டு இருந்தார்.