12 மைல், 14 பஞ்சர்

டல்லாஸில் இருக்கும் தோழி, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என்னைப் போன வாரம் கேட்டாள்: "ஃப்ரீமான்ட்டுக்கு மாறலாமா என்று யோசிக்கிறோம். வீட்டு விலை எனக்கே தெரியும், அதைச் சொல்லிப் பயமுறுத்தாதே. வெளியே போய் நடக்க, சைக்கிள் ஓட்ட ஊர் எப்படி?"

கேட்ட நேரம் சரியில்லை. நான் கராஜ் தரையில் உட்கார்ந்து, கழற்றிய டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள் தேடிக்கொண்டிருந்தேன். முள் விரலைத் தேடிக்கொண்டது. ஆறு ஆண்டுகளில் இது பதினான்காவது பஞ்சர். எண்ணி வைத்திருக்கிறேன், கராஜ் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன, பால்காரர் கணக்கு மாதிரி. அன்று அவளுக்கு அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது. கோபம் ஓரளவு ஆறிய பிறகு எழுதுவது இது.

பூங்காவுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. லேக் எலிசபெத்தைச் சுற்றி வர ஏறக்குறைய இரண்டு மைல். கனடா வாத்துகளின் எச்சத்தைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகிவிட்டால் நல்ல நடைபாதைதான். ஏரிக்கு அடியில் 2017 முதல் பார்ட் என்னும் உள்ளூர் ரயில் ஓடுகிறது என்று விருந்தாளிகளிடம் சொன்னால் ஒரு நிமிடம் தரையையே பார்ப்பார்கள். மிஷன் பீக் 2,517 அடி. நிழலே இல்லாத ஏற்றம். உச்சியில் நட்டிருக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வரிசை நிற்கும். ஒருமுறை போங்கள், போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது அவற்றைப் பற்றி அல்ல. அலமீடா கிரீக் பாதையைப் பற்றி.

நைல்ஸ் பள்ளத்தாக்கின் வாயில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோ வளைகுடா வரை 12 மைல். ஓடையின் தென்கரையில் தார்ப்பாதை, வடகரையில் குதிரைகளும் போகும் மண்பாதை. 1950களில் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் பிரிவு இந்த ஓடையை நேராக்கிக் கரை கட்டியது. அந்தக் கரையின்மேல்தான் ஓட்டுகிறோம். அதனால் அழகை எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதல் மூன்று மைல் ஏமாற்றமாக இருக்கும். ஒரு பக்கம் கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகளின் பின்புறம், இந்தப் பக்கம் கோடையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தண்ணீர். தாமிரபரணி பார்த்து வளர்ந்தவர்கள் இதை ஆறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பாதை சாலையைக் கடப்பதே இல்லை. மிஷன் பொலிவார்டு, பார்ட் தண்டவாளம், 880 நெடுஞ்சாலை என்று எது குறுக்கே வந்தாலும் பாதை சற்றே குனிந்து பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்துவிடும். தலைக்கு மேலே பத்துத் தடங்களில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். கீழே நான் மணியடித்துக்கொண்டு போவேன். அந்த மணியின் எதிரொலிக்காகவே பாலத்தடியில் வேகத்தைக் குறைப்பேன். பச்சை விளக்குக்கு மனு போட வேண்டிய பொத்தான் இல்லை, நடக்கும் மனிதன் பொம்மை இல்லை, திரும்பும் காரில் இருப்பவர் நம்மைப் பார்த்தாரா என்று அவர் கண்ணைத் தேட வேண்டியதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிளை மறுபடி தொட்ட ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தெருவில் ஓட்டப் பயந்தவர்கள் அறிவார்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். கோடையில் பிற்பகலானால் கடலிலிருந்து மேற்குக் காற்று கிளம்பும். தெரியாதவர்கள் மாலை நான்கு மணிக்கு நைல்ஸில் தொடங்கி, முகத்தில் அறை வாங்கிக்கொண்டே வளைகுடா வரை போவார்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் காற்று தூங்கிக்கொண்டிருக்கும். வளைகுடா ஓரத்துக் குன்றுப் பூங்காவான கயோட்டி ஹில்ஸில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குப் பிறகு திரும்பினால் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. இலவசமாகச் சொல்லிவிட்டேன்.

கயோட்டி ஹில்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓலோனி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த இடம். அவர்கள் உண்டு போட்ட சிப்பிகள் மேடாகவே குவிந்திருக்கின்றன. குன்றைச் சுற்றி மூன்றரை மைல் தார்ப்பாதை. அதன் மேற்குச் சரிவில் திரும்பும்போது உப்பளங்கள் சட்டென்று விரியும். தூரத்தில் டம்பார்டன் பாலம். முதல் தடவை பார்த்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டேன். தூத்துக்குடிக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல் ஞாபகம். வெள்ளைக் கூழைக்கடாக்கள் வரிசை கலையாமல் நீந்தும். காரில் வந்தால் நிறுத்தக் கட்டணம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை.

இவ்வளவும் சரி. இப்போது முள்ளுக்கு வருகிறேன்.

முதல் மூன்று பஞ்சர்களைக் கண்ணாடித் துண்டு என்று நினைத்தேன். நான்காவதின்போது அப்பா இங்கே இருந்தார். எட்டயபுரத்திலிருந்து வந்து ஆறு வாரம், பொழுது போகவில்லை. நான் டயரிலிருந்து பிடுங்கிப் போட்டதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது நெருஞ்சி அம்மா. சிறுநெருஞ்சி. கல்லடைப்புக்குக் கஷாயம் போடுவோமே! இதை மிதிக்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?"

அவர் சொன்னதுதான் சரி. கரிசல் காட்டில் வெறுங்காலில் மிதித்து ஊரைக் கூட்டிய அதே செடி. தாவரவியல் பெயர்கூட மாறாத டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். தரையோடு தரையாகப் படர்ந்து, அப்பாவிபோல மஞ்சள் பூ பூக்கும். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் பெரிய முட்கள் இரண்டு. எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போட வல்லது. விதைகள் சில ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கவும் செய்யும். இதைத் தின்று ஒழிக்கட்டும் என்று 1961இல் இத்தாலியிலிருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று விதையைத் துளைக்கும், மற்றொன்று தண்டைத் துளைக்கும். நான் போகும் பக்கம் இரண்டுமே வேலைக்கு வருவதில்லை போலும்.

நியாயமாகச் சொன்னால் தார்ப்பாதையின் நடுவில் முள் இருப்பதில்லை. ஓரத்தில்தான். எதிரே மூவர் பேசிக்கொண்டே அகலமாக நடந்து வரும்போது நாம் ஒதுங்குகிறோமே, அந்த ஓரத்தில். கரையிலிருந்து தெருவுக்கு இறங்கும் வாயில்களின் அருகே, காய்ந்த புல் இருக்கும் இடத்தில். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மோசம். மரியாதைக்காரர்களுக்குத்தான் பஞ்சர் ஆகிறது. நடுவில் முறைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

செய்யாததில்லை. கெட்டி டியூப் போட்டேன். ஓட்டினால் அம்மிக்கல்லை உருட்டுவதுபோல இருந்தது. டயருக்கும் டியூப்புக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டை வைத்தேன். அதன் ஓரமே உராய்ந்து டியூப்பை வெட்டியது. முள் செய்யாததை மருந்து செய்த கதை. உள்ளே ஊற்றும் பச்சைத் திரவம் மட்டும் ஓரளவு காப்பாற்றுகிறது. அது இருக்கும்போது முள்ளைப் பார்த்தவுடன் பிடுங்காதீர்கள், வீடு வந்து சேரும்வரை அது அங்கேயே அடைப்பாக இருக்கட்டும். சக்கரத்தைக் கடைக்குக் கொண்டுபோனபோது, ஒரு டியூப் மாற்ற அவர்கள் கேட்ட கூலியில் நான்கு டியூப் வாங்கலாம். அன்றிலிருந்து நானே மாற்றுகிறேன். இப்போது பதினெட்டு நிமிடம் ஆகிறது. என் கணவர் கடிகாரம் பார்த்துச் சொன்னார். பார்க்கத் தெரிந்தவர் பிடிக்கவும் வந்திருக்கலாம்.

பதினான்காவது பஞ்சர், வீட்டிலிருந்து ஐந்து மைல் தள்ளி, மாற்று டியூப் எடுத்துப்போக மறந்த நாளில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 880க்கு அடியில் நடந்து வந்தேன். அன்று மணியடிக்கவில்லை.

ஆகவே தோழிக்குப் பதில்: சைக்கிளுக்காக ஃப்ரீமான்ட்டுக்கு மாறாதே. இன்றைய நிலையில் பத்துக்கு நான்கு கொடுப்பேன். மே மாதம் கரை பச்சையாக இருந்தபோது கேட்டிருந்தால் ஒன்பது கொடுத்திருப்பேன், அதையும் மறைக்கவில்லை. வீடு பார்க்க வரும்போது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பாதை தொடங்கும் ஓல்டு கேன்யன் ரோடு வாகன நிறுத்தத்தில் இருப்பேன். பம்ப் என்னிடம் இருக்கிறது. டியூப் உன் சக்கர அளவுக்கு நீயே வாங்கி வா, இரண்டாக.