குதிரை டிரெய்லருக்கு உள்ளே பெயிண்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

குதிரை டிரெய்லரின் உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்க யாரிடமாவது கொடுத்திருக்கிறீர்களா? பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் தரையில் கிடக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். என்னை ஏமாற்றிய பட்டறை செய்யாமல் விட்ட வேலையெல்லாம் அதற்கு அடியில்தான் கிடந்தது.

பேசியது இதுதான்: பாய்களை வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் எபாக்ஸி, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் கெட்டியான பெயிண்ட். வாங்கிய பணமும் அந்த வேலைக்கான பணம். வண்டி திரும்பி வந்தபோது உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகக் குதிரையின் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் ஆகும். உள்ளே இருட்டாக இருந்தால் ஏற மறுக்கும். அதற்காகத்தான் வெளிர் நிறம் கேட்டிருந்தேன். கேட்டதில் அது ஒன்றுதான் நடந்தது.

கொஞ்ச நாளில் சுவரில் கொப்புளம் கிளம்பியது. நகத்தால் நெம்பினால் பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. ஒரு செதிலைத் திருப்பிப் பார்த்தேன். பிரைமர் அடித்திருந்தால் பின்பக்கத்தில் தனியாக ஒரு படலம் தெரிய வேண்டும். இதில் முன்னும் பின்னும் ஒரே வெள்ளை. இரும்புச் சட்டத்திலிருந்து உரிந்த செதில்களில் மட்டும் பின்னால் துருத்தூள் அப்பியிருந்தது. அதாவது, துருவைத் தொடாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். தின்னரில் நனைத்த துணியால் ஓரிடத்தில் தேய்த்ததும் துணி வெள்ளையானது. நன்றாக இறுகிய எபாக்ஸி அப்படிக் கரைந்து வராது. போய் நெருக்கிக் கேட்டபிறகுதான் சாதாரண எனாமல் என்று ஒப்புக்கொண்டார்கள்.

என் வண்டியின் சுவரில் பாதி கால்வனைஸ்டு தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அதன்மேல் எண்ணெய் எனாமலை நேரடியாக அடிக்கவே கூடாது. துத்தநாகம் பெயிண்டில் உள்ள எண்ணெயோடு வினை புரிந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும், பிறகு பெயிண்டுக்குப் பிடிமானம் போய்விடும். இது நடக்கக் கொஞ்சம் காலம் பிடிக்கும் என்பதால் வண்டியை எடுக்க வரும் அன்று எந்தக் குறையும் கண்ணில் படாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம் பாயைத் தூக்கினேன். பாயின் விளிம்பு வரை பெயிண்ட், அங்கே கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டது. அதற்குள்ளே பழைய லத்தியும் ஈரமும் அப்படியே. பாய்க்கு வெளியே இருந்த தரையின் வடிகால் துளைகளைப் பெயிண்ட் அடைத்திருந்தது. குதிரை மூத்திரம் வடியாமல் தேங்கினால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். அது தரையையும் அரிக்கும், குதிரையின் மூச்சுக்குழாயையும் எரிக்கும். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி.

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. நடுத்தடுப்பை அவசரத்தில் கழற்றும் கொண்டியை மூடாமல் அதன்மேலும் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் காய்ந்து ஊசி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். ஓடும் வண்டியில் குதிரை விழுந்து தடுப்புக்கு அடியில் சிக்கியிருந்தால் அதை எப்படி வெளியே எடுப்பது? காற்று ஜன்னல்களும் அதே கதிதான், ஒன்றுகூடத் திறக்கவில்லை.

“குதிரை உதைத்தால் உதிரத்தான் செய்யும்” என்றார் பட்டறைக்காரர். கூரைக்குப் பக்கத்தில் உரிந்ததை எந்தக் குதிரை உதைத்தது என்று கேட்டேன். பதில் இல்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் சுரண்டி முடித்ததும் ஒருமுறை, பிரைமர் காய்ந்ததும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பெயிண்ட் டப்பாக்களைக் காட்டச் சொல்லுங்கள். எபாக்ஸி என்றால் பெயிண்டும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் இருக்கும். வண்டி பழையது என்றால் அடியிலுள்ள பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் யாரையும் தண்ணீர் தொடாமல் வெறுமனே உப்புத்தாள் போட விடாதீர்கள். குதிரை சுவரை நக்கும், கடிக்கும். அந்தச் செதிலும் தூசும் அதன் வயிற்றுக்குள்தான் போகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே குதிரையை ஏற்றவும் வேண்டாம். எபாக்ஸி முழுதாக இறுகப் பொதுவாக ஒரு வாரம் ஆகும், குளிரில் இன்னும் தள்ளிப்போகும்.

இப்போது அந்தப் பட்டறை உரிந்த இடங்களில் மட்டும் இலவசமாக டச்-அப் செய்து தருகிறேன் என்கிறது. உங்களிடமும் இதைத்தான் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அடியில் பிடிப்பில்லாத பெயிண்ட்மேல் எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்து உரியும். முழுவதையும் உலோகம் தெரியச் சுரண்டி முதலிலிருந்து அடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். செதில்களையும் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.