அம்மாவுக்கு ஆபரேஷன், செவலையை எங்க விடுறது? நாங்க பார்த்த நாலு வழி

போன ஜூன்ல அம்மாவுக்கு பெங்களூர்ல முட்டி மாத்து ஆபரேஷன். சேலத்து வீட்ல அம்மாவும் செவலையும் மட்டும்தான். செவலைன்னா எங்க பூனை, எட்டு வயசு, கருத்தடை பண்ண ஆண், ஆரஞ்சு கலர்ல வரி போட்டிருப்பான். மழையில நனைஞ்சுகிட்டு வாசல்ல கத்திட்டிருந்த குட்டியைத் தூக்கிட்டு வந்து பேர் வெச்சது அப்பா. அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு, இப்ப அம்மா சாயங்காலம் விளக்கேத்திட்டு உக்காந்து அன்னிக்கு நடந்ததெல்லாம் அவன்கிட்டதான் சொல்வாங்க.

எங்க பக்கம் சிக்கல் என்னன்னா, நாங்க இருக்கிறது பெங்களூர் முருகேஷ்பாளையாவுல வாடகை வீடு, டூ பி.எச்.கே, அக்ரிமென்ட்ல பெட்ஸ் கூடாதுன்னு இருக்கு, கீழ் வீட்லயே ஓனர், அதுக்கு மேல எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா, பூனைன்னா மூக்கு அடைச்சு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடும். அம்மா குறைஞ்சது நாப்பது நாள் எங்ககூட இருக்கணும். இந்த நாப்பது நாளைக்கு அவனை எங்க வைக்கிறது? எங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு. இதே மாதிரி யாராவது இப்ப திண்டாடிட்டு இருப்பீங்க, அதனால ஒவ்வொண்ணையும் எப்படி பார்த்தோம், எதுல எங்க அடி வாங்கினோம்னு எழுதுறேன்.

முதல் வழி, அவனை சேலத்து வீட்லயே விட்டுட்டு பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வேளை சாப்பாடு வைக்கிறது. எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க, பூனை மனுஷனை விட வீட்டைத்தான் பிடிச்சுக்கும்னு. அதுல உண்மை இருக்கு, பழகின இடம், பழகின வாசனை, பழகின ஜன்னல் திண்ணை எல்லாம் பூனைக்கு பெரிய விஷயம். செலவும் இல்ல. அதனால அப்படியே பண்ணினோம். அக்கா பாசமானவங்க, தட்டை பின் வாசல்ல வெச்சிட்டு போவாங்க, திரும்ப வந்து பார்த்தா தட்டு காலி, நல்லா சாப்பிடுறான்னு எனக்கு தினமும் மெசேஜ். அஞ்சாவது நாள் வீடியோ கால்ல பின் வாசலைக் காட்டச் சொன்னேன், தட்டுல காக்கா உக்காந்துட்டு இருக்கு. செவலை உள்ள, அப்பாவோட ஈஸி சேருக்கு கீழ, கூப்பிட்டா தலையைக்கூட தூக்கல.

அன்னிக்கே தம்பியைக் கூட்டிட்டு கார் எடுத்தேன். சேலத்துல வெட்னரி டாக்டர்கிட்ட காட்டினப்போ 5.2 கிலோ இருந்தவன் 4.7. தோலுக்கு அடியில ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. அவங்க சொன்னதை இங்க அழுத்தமா எழுதுறேன், பூனை நம்ம மாதிரி ரெண்டு மூணு நாள் பட்டினி தாங்காது, சாப்பிடாம விட்டா உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் போய் ஈரல்ல சேர்ந்து ஈரலே கெட்டுப் போயிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஆண் பூனையா இருந்தா இன்னொரு பயமும் இருக்கு, மன உளைச்சல்ல சிறுநீர்ப்பை வீங்கி, ஒண்ணுக்கு போற வழி அடைச்சிக்கலாம், முக்கிட்டே இருந்து ஒரு சொட்டும் வரலைன்னா அது ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரி கேஸ்.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நான் இவ்ளோ நேரம் செலவு, தூரம், சௌகரியம்னு ஒப்பிட்டுட்டு இருந்தேன். கேக்க வேண்டிய கேள்வி வேற: இவன் இன்னைக்கு சாப்பிடல, ஒண்ணுக்குப் போகலன்னா அது எத்தனை மணி நேரத்துல ஒரு மனுஷருக்குத் தெரியும்? சேலத்து ஏற்பாட்டுல அஞ்சு நாள் ஆச்சு. மீதி மூணு வழியையும் அதுக்கப்புறம் இதே அளவுகோல்லதான் பார்த்தேன்.

ரெண்டாவது வழி போர்டிங். எங்க ஏரியாலயும் இந்திரா நகர் பக்கமும் விசாரிச்சதுல ஒரு நாளைக்கு 600லேர்ந்து 1000 வரை சொன்னாங்க, நாப்பது நாளைக்கு கணக்கு போட்டா எங்களுக்கு கனமான தொகைதான், ஆனா அம்மாவுக்காக குடுத்திருப்போம். ரெண்டு இடம் நேர்ல போய் பார்த்தேன். ஒரு இடத்துல பூனைக் கூண்டும் நாய்க் கூண்டும் ஒரே ஹால், நாய் குரைக்கிற சத்தம் நிக்கவே இல்ல, ஒரு வெள்ளைப் பூனை மண் டப்பாக்குள்ளயே சுருண்டு படுத்திருந்துச்சு, அதைப் பார்த்ததுக்கு அப்புறம் அங்க விட மனசு வரல. இன்னொரு இடம் நிஜமாவே நல்லா இருந்துச்சு, பூனைக்குன்னு தனி ரூம், உயரத்துல ஏறி உக்கார பலகை, எந்தப் பூனை எவ்ளோ சாப்பிட்டுச்சு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சுன்னு நோட்ல எழுதுறாங்க. என் கேள்விக்கு அங்க பதில் பன்னண்டு மணி நேரம்! ஆனா அவங்க முதல்ல கேட்டது தடுப்பூசி கார்டு, ரேபிஸ் மட்டும் போதாது, பூனைக்கு வர்ற மூணு வியாதிக்குச் சேத்துப் போடுற ட்ரைகேட் ஊசியும் போட்டிருக்கணும். செவலைக்கு வருஷா வருஷம் ரேபிஸ் மட்டும்தான் போட்டிருக்கோம். ட்ரைகேட் புதுசா ஆரம்பிச்சா மூணு நாலு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு டோஸ் போடணும், அதுக்குள்ள அம்மா ஊருக்கே கிளம்பிடுவாங்க. அவங்க மறுத்தது நியாயம், கார்டு கேக்காம சேத்துக்கிற இடம்தான் பயப்பட வேண்டிய இடம். பணம் இருந்தும் நாள் கணக்குல இந்த வழி போச்சு.

மூணாவது, ஓசூர் சித்தி வீடு. இங்கேர்ந்து நாப்பது கிலோமீட்டர், தனி வீடு, சித்திக்கு பூனைன்னா உயிர். ஆனா அவங்க மருமக அஞ்சு மாசம், வீட்ல எல்லாரும் பூனை இருந்தா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு ஒரே பேச்சு. இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ வீட்ல பூனையை வெளிய தள்ளிடுறாங்க. பயம் டாக்ஸோபிளாஸ்மாங்கிற கிருமியால. பூனைகிட்டேர்ந்து வந்தா, தொற்று இருக்கிற பூனையோட மலத்துலதான் அது வரும், அதுவும் வெளிய வந்த உடனே தொத்தாது, குறைஞ்சது ஒரு நாள் ஆகணும். தினமும் மண் டப்பாவை வேற யாராவது சுத்தம் பண்ணி, மாசமா இருக்கிறவங்க அதைத் தொடாம இருந்தா அந்த வழி பெரும்பாலும் அடைஞ்சிடும். சரியா வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண்ணு, இதுல எல்லாமும் அது வரும், அதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. நான் இதையெல்லாம் சொல்லியும் சித்தி வீட்ல யாரும் வாயைத் திறக்கல. உண்மையைச் சொன்னா நான் அந்த வீட்டை வேண்டாம்னு நினைச்சதுக்கு காரணம் கர்ப்பம் இல்ல, அங்க இருக்கிற நாட்டு நாய். கேட்டுக்கு உள்ள பூனை வந்தா துரத்தும், செவலைக்கு ஓடி ஒளிய பழக்கப்பட்ட மரம்கூட அங்க கிடையாது. பயந்து ஒரு தடவை வெளிய ஓடிட்டா ஓசூர்ல அவனை எங்கன்னு தேடுறது?

மிச்சம் நாலாவது வழி, எங்க வீடு. காகிதத்துல பார்த்தா இதுதான் எல்லாத்தையும் விட மோசம், ஆனா என் கேள்விக்கு இங்கதான் பதில் ரெண்டு மூணு மணி நேரம். எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல சரின்னு சொன்னாரு. அவரோட டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம். தினசரி இன்ஹேலரை ஒரு நாள்கூட விடக்கூடாது, பூனை பெட்ரூமுக்குள்ள ஒரு தடவைகூட வரக்கூடாது, திடீர்னு மூச்சு இழுக்கும்போது எடுக்கிற ரிலீவர் வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டா ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லைன்னு அர்த்தம், உடனே வரணும்னு சொன்னாங்க. எல்லாரும் முடியால அலர்ஜின்னு நினைக்கிறாங்க, உண்மையில அது ஃபெல் டி 1ங்கிற ஒரு புரதம், பூனையோட எச்சில்லயும் தோல் எண்ணெய்லயும் இருக்கு, பூனை நக்கி நக்கி அது முடியில காஞ்சு தூசியா பறந்து சுவர், திரை, நம்ம துணின்னு ஒட்டிக்குது. குளிப்பாட்டினா போயிடும்னு சொல்வாங்க, சில நாள்ல பழையபடி ஆயிடும், பூனைக்குத்தான் அவஸ்தை. ஹெபா ஃபில்டர் போட்ட ஏர் ப்யூரிஃபையர் ஒண்ணு வாங்கி பெட்ரூம்ல வெச்சோம். காத்துல பறக்கிறதை அது பிடிக்குது, சோஃபால ஒட்டினதை அது ஒண்ணும் பண்ணாது.

ஓனர் ஆன்ட்டிகிட்ட மறைக்கல. படியிறங்கிப் போய் எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல "ஆன்ட்டி, ஒந்து திங்களு மாத்ர" (ஒரு மாசம் மட்டும்)னு கேட்டேன், நாத்தம் வரக்கூடாது, கதவுல நகக்கீறல் வரக்கூடாதுன்னு ரெண்டு கண்டிஷன் போட்டாங்க, வாட்ஸப்ல அதையே எழுதி அனுப்பி சரின்னு வாங்கிக்கிட்டேன். வாடகை வீட்ல இருக்கிறவங்க பூனையைத் திருட்டுத்தனமா உள்ள கொண்டு வராதீங்க, நடுவுல தெரிஞ்சு வெளிய போன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரி அந்த ஜீவன்தான் தெருவுல நிக்கும்.

வீட்டை மூணா பிரிச்சோம். பெரிய பெட்ரூம் எங்க வீட்டுக்காரருக்கு, ஹால்ல திவான் போட்டு அம்மா, சின்ன ரூம் செவலைக்கு. அம்மாவுக்கு தையல் ஆறுற வரைக்கும் செவலையை மடியில விடல, ஏன்னா பூனை வாயில பாஸ்டுரெல்லான்னு ஒரு கிருமி சாதாரணமாவே இருக்கும், கடியோ கீறலோ பட்டா அது ரத்தத்துல ஏறி புது முட்டியில போய் உக்காரலாம்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் எச்சரிச்சிருந்தாரு. வாக்கர் பிடிச்சு நடக்கும்போது காலைச் சுத்தினா விழுந்துடுவாங்கங்கிறது இன்னொரு பயம், அதனால அம்மா நடக்கிற நேரம் அவன் ரூம் கதவு சாத்தி இருக்கும். பால்கனிக்கு புறா வலை போட்டோம், ரெண்டாவது மாடிதானேன்னு அசால்ட்டா இருக்கக் கூடாது. அவன் டப்பாவுக்குப் போடுற மண்ணு மட்டும் மொதல்ல தப்பா வாங்கிட்டேன், பென்டோனைட்ங்கிற களிமண்ணோட தூசி பறந்து எங்க வீட்டுக்காரருக்கு இருமல், மறுநாளே மரத்தூள் உருண்டைக்கு மாத்திட்டேன்.

வந்த ராத்திரி கட்டிலுக்கு அடியில போனவன் ரெண்டு நாள் வெளிய வரல, விடியக்காலம் நாலு மணிக்கு கத்துவான், கேக்க முடியாது அந்தக் கத்தலை. நான் கோழியை வேகவெச்சு வெச்சேன், பொட்டலச் சாப்பாடு வெச்சேன், மோந்து பார்த்துட்டு திரும்பிக்கிட்டான். அம்மாதான் ஹால்லேர்ந்து சொன்னாங்க, நெத்திலி கருவாட்டை வென்னீர்ல ஊறப்போட்டு உப்பை நல்லா கழுவிட்டு துளியூண்டு பிச்சுப் போடுடின்னு. போட்டேன். அப்புறம் அம்மாவை வாக்கரோட மெதுவா கூட்டிட்டு வந்து ரூம் வாசல்ல சேர் போட்டு உக்கார வெச்சோம். "செவலே, வா தங்கம்"னு அம்மா ஒரு தடவைதான் கூப்பிட்டாங்க. கட்டிலுக்கு அடியிலேர்ந்து ஊர்ந்து வந்து, அம்மாவைப் பார்த்துட்டே தட்டை காலி பண்ணினான். நானும் அவரும் வாசல்ல நின்னு அழுதுட்டோம்.

அந்த நாப்பது நாள்ல பதினாலாவது நாள் அவருக்கு ரிலீவர் அந்த வாரத்துல மூணாவது தடவை தேவைப்பட்டுச்சு. டாக்டர் மருந்தைக் கூட்டினாங்க, அலர்ஜி வர்ற இடத்துல இருக்கிறதைக் குறைங்கன்னும் சொன்னாங்க. செவலையை அனுப்பிடலாம்னு நான் கேரியரை எடுத்துட்டேன், அவர்தான் "அத்தை, அவன் இருக்கட்டும், நான் அண்ணன் வீட்ல படுத்துக்கறேன்"னு பையை எடுத்துட்டு பானஸ்வாடி போயிட்டாரு. மீதி இருபத்தாறு நாளும் தெருமுனை டீக்கடையிலதான் தினமும் சந்திச்சோம், நான் வேற துணி மாத்திட்டுப் போவேன். இது எல்லாருக்கும் சரியான வழின்னு நான் சொல்ல மாட்டேன். அவரு பெரியவர், தன் மூச்சு எப்படி இருக்குன்னு தனக்கே தெரியும், போறதுக்கு ஒரு வீடும் இருந்துச்சு. ஆஸ்துமா ஒரு குழந்தைக்கு இருந்திருந்தா செவலையை எங்க வீட்டுக்குக் கொண்டே வந்திருக்க மாட்டேன், எவ்ளோ தூரமா இருந்தாலும் நல்ல போர்டிங்கைத் தேடிப் போயிருப்பேன். அவன் ஊருக்குப் போன பின்னாடியும் அந்தப் புரதம் வீட்ல மாசக்கணக்குல நிக்கும், சின்ன ரூம் திரை, மெத்தை உறை, சோஃபா உறை எல்லாத்தையும் திரும்பத் திரும்ப வென்னீர்ல துவைச்சோம், அவருக்கு மூச்சு முழுசா சீராக தீபாவளி ஆச்சு.

தை மாசம் அம்மாவுக்கு அடுத்த முட்டி. இந்தத் தடவை அஞ்சாவதா ஒரு வழி, முதல்லயே ஏன் தோணலைன்னு தெரியல: ஆபரேஷனை சேலத்துலயே வெச்சுக்கிட்டு நான் லேப்டாப்போட அங்க போய் ஒரு மாசம் இருக்கறேன், ஆபீஸ்ல கேட்டாச்சு. அவர் பெங்களூர்லயே இருப்பாரு. செவலைக்கு அவன் வீடு, அவன் திண்ணை, சாப்பாட்டுத் தட்டு என் கண் முன்னாடி. தையல் ஆறுற வரைக்கும் ராத்திரி மட்டும் அப்பா ரூம்ல வெச்சு கதவைச் சாத்திக்கலாம். அவசரம்னு வந்தா போர்டிங் இருக்கட்டும்னு ட்ரைகேட் ரெண்டு டோஸும் போட்டு கார்டும் வாங்கியாச்சு. கேரியரை மட்டும் இப்பவே ஹால் மூலையில கதவைத் திறந்து வெச்சு, உள்ள அம்மாவோட பழைய காட்டன் புடவையை மடிச்சுப் போட்டிருக்கோம். மத்தியானத் தூக்கம் இப்பல்லாம் அதுக்குள்ளதானாம், நேத்து அம்மா ஃபோட்டோ அனுப்பினாங்க, வால் மட்டும் வெளிய தெரியுது.