உயிலில் வந்த பணம்: தானமா, முதலீடா, கைமாற்றா?

நியூ ஜெர்சியில் ஒரு சிறு யூத உதவி அமைப்புக்குக் கணக்கு பார்க்கிறேன். ஒரு மூதாட்டி உயிலில் எழுதிவைத்த பணம் வந்ததும் நிர்வாகக் குழுவில் மூன்று யோசனைகள்: தானமாகக் கொடுப்பது, முதலீட்டில் போட்டு வருமானத்தை மட்டும் செலவழிப்பது, ‘கெமாக்’ எனும் வட்டியில்லாக் கடன் நிதி. நான் சொன்னதும் முடிவானதும் கெமாக்தான்.

தொகையை 20,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தானம் என்றால் ஆளுக்கு 1,000 வீதம் 20 குடும்பங்கள், அதோடு சரி. முதலீட்டில் போட்டால் அசல் பத்திரமாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் 800 டாலர், ஒரு குடும்பத்துக்கே பற்றாது.

கைமாற்றாக அதே 20 பேருக்குக் கொடுத்து 10 மாதத் தவணை வைத்தால், முதல் மாதமே 2,000 திரும்பிவிடும். இன்னும் இருவருக்குக் கொடுக்கலாம். நியூயார்க்கின் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி 1892இல் வெறும் 95 டாலரோடு தொடங்கியது. இன்றும் வட்டி வாங்குவதில்லை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கூடாது என்பது யூதர்களின் புனித நூலான தோராவின் கட்டளை. 12ஆம் நூற்றாண்டில் தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கிய யூத அறிஞர் மைமோனிடிஸும், ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கவைக்கும் கடனை உச்சிப்படியில்தான் வைத்தார்.

இத்தனைக்கும் பிறகு இடிப்பது பராமரிப்பு. தானத்துக்கு ஒரு காசோலையோடு வேலை முடிந்தது. கடனுக்கோ விண்ணப்பம், ஜாமீன், தவணைக் கணக்கு, தவறினால் நினைவூட்டல். வட்டி இல்லாததால் இந்தச் செலவை நிதி தானே சம்பாதிக்காது. எழுத்தர் சம்பளத்தை மூலதனத்திலிருந்து எடுத்தால் வாராக்கடன் ஒன்றுகூட இல்லாமலேயே நிதி கரையும். விலைவாசி வேறு: ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 24 ஆண்டில் அதே டாலருக்குப் பாதி மதிப்பு. ஆக, நிர்வாகத்துக்குத் தனி நன்கொடை, மூலதனத்துக்கு அவ்வப்போது புது வரவு, இரண்டும் இல்லாவிட்டால் கெமாக் வேண்டாம் என்பேன். எங்களுக்கு ஆண்டு நன்கொடைத் திரட்டு இருக்கிறது, அதனால்தான் துணிந்தோம்.

ஆண்டறிக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. தானம் செலவாகத் தெரியும், கடன் சொத்தாகவே நிற்கும். “பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே” என்று நன்கொடையாளர் கேட்பார். கடன்களின் எண்ணிக்கையைத் தனியாக அச்சிடுவது நல்லது.

இதுவரை தவணைகள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் ஊரில் பலருக்கு ஒரே சமயத்தில் வேலை போகும் காலத்தை இந்த நிதி இன்னும் பார்க்கவில்லை. அப்போதும் ஜாமீன்காரர்கள் தாங்குவார்கள் என்று சத்தியம் செய்யமாட்டேன். திருப்பிக் கட்ட வழியே இல்லாத முதியவருக்குக் கடன் கொடுப்பது கொடுமை. அவர்களுக்கென்று ஒரு பங்கைத் தானமாகவே ஒதுக்கிவிட்டோம்.