ஒரே ரைபிள், ஐந்து வகைக் குண்டுகள்: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக என்னிடம் இருப்பது ஒரே ஏர் ரைபிள். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரகம், 4.5 மி.மீ. விட்டம், மேலே குறி பார்க்க ஒரு ஸ்கோப். ரைபிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நன்றாக உழைக்கிறது. எழுத நினைத்தது அதில் போடும் பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டைப் பற்றித்தான். முதல் இரண்டு வருடம் பெல்லட்டின் குற்றத்தையெல்லாம் ரைபிள் மேலும் என் கை மேலும் போட்டேன். புதிதாக வாங்குபவர்கள் அந்த இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் நண்பனின் அரிசி மில்லில் ஒரு நீளமான நெல் கிடங்கு இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் காலி. அங்கே 25 மீட்டர் அளந்து, கடைசிச் சுவரில் மணல் மூட்டை அடுக்கி, இரும்புப் பெட்டியில் இலக்கு அட்டை வைத்துச் சுடுவேன். உள்ளே யாரும் வராதபடி கதவைத் தாழ் போட்ட பிறகுதான் டப்பாவையே திறப்பது. வயலில் சுட்டுப் பார்க்கலாமே என்பார்கள். அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் அரை கிராம் ஈயத்தை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? அப்புறம், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் மாதிரியான பறவைகள் சரணாலயங்கள் உள்ள டெல்டா இது, பறவைகள் வயல்களில் இறங்கி மேயும். அந்தப் பக்கம் ரைபிளைத் திருப்புவதே எனக்குப் பிடிக்காது. சட்டமும் விடாது.

குழப்பம் ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் என்ற உருண்டைத் தலைப் பெல்லட்டுக்கு, அதாவது 8.44 கிரெயின் எடை, ஏறக்குறைய அரை கிராம், ஸ்கோப்பைச் சரி செய்து வைத்திருந்தேன். பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்தன. அதே கம்பெனியின் எக்ஸாக்ட் ஹெவி, 10.34 கிரெயின், ஒரு டப்பா கையில் கிடைத்தது. கனமான குண்டு, மெதுவாகப் போகும், கீழேதான் விழும் என்று நினைத்துச் சுட்டேன். ஒரு சென்டிமீட்டர் மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக விழுந்தது. ஐந்தும் அங்கேயே. ஸ்கோப் ஆடுகிறதோ என்று திருகாணியை எல்லாம் முறுக்கிவிட்டுத் திரும்பச் சுட்டேன். அதே இடம்.

கணக்குப் போட்டாலும் கீழேதான் வரவேண்டும். பழைய குண்டு வினாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், ஆற்றல் மாறாமல் கனமான குண்டு 180 மீட்டரில்தான் கிளம்பும். பத்து மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு முதலாவதை ஒன்றேகால் சென்டிமீட்டரும் இரண்டாவதை ஒன்றரை சென்டிமீட்டரும் இறக்குகிறது. வித்தியாசம் மூன்று மி.மீ., அதுவும் கீழ்நோக்கி. அட்டையில் கண்டது நேர் எதிர்.

திருச்சியில் நான் போகும் கிளப்பில் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, குண்டு வெளியே போன பிறகு நடக்கறதை மட்டும் கணக்குப் போட்டிருக்கீங்க. அது பேரலுக்குள்ள இருக்கும்போதே துப்பாக்கி அசைய ஆரம்பிச்சுடுது” என்றார்.

விஷயமே அதுதான். விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் இழுக்கிறது. பேரலும் கொஞ்சம் அதிர்கிறது. இந்த ஆட்டத்தின் நடுவில்தான் குண்டு வெளியே வருகிறது. கனமான குண்டு நகரத் தாமதிப்பதால், அது வாயை விட்டு வெளியேறும் நேரத்தில் பேரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் ரைபிளில் அந்தப் பக்கம் மேலும் வலதும். இன்னொருவர் ரைபிளில் கீழும் இடதுமாக இருக்கலாம். 25 மீட்டரில் வைத்துச் சுட்டதும் இது உறுதியானது. வலப்பக்க விலகல் தூரத்தோடு ஒன்றரை சென்டிமீட்டராக வளர்ந்தது. உயரம் மட்டும் வளரவில்லை, அதே ஒரு சென்டிமீட்டர்தான். பேரல் தூக்கிவிட்டதைப் புவியீர்ப்பு வழியில் பிடுங்கிக்கொண்டது.

மூன்றாவது, தட்டைத் தலை கொண்ட ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, 8.2 கிரெயின், போட்டிக்கான குண்டு. பத்து மீட்டரில் எக்ஸாக்ட் விழும் இடத்திலேயே ஏறக்குறைய விழுகிறது, அட்டையில் வட்டமாகச் சுத்தமாகக் கத்தரிக்கிறது. அந்தத் தூரத்துக்கு இதைவிட எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை. 25 மீட்டரில் தட்டைத் தலை காற்றில் வேகத்தை இழந்து கீழே இறங்குகிறது, குரூப்பும், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டமும், விரிகிறது. அதற்காகச் செய்த குண்டு இல்லை, குறை சொல்ல முடியாது.

நான்காவது கூர்முனைக் குண்டு, ஐந்தாவது மலிவான ஒரு டப்பா. கூர்முனையை விட்டுவிடலாம், எனக்குச் சரிவரவில்லை. மலிவு டப்பாவில் பாடம் இருந்தது. நகை எடை போடும் சின்னத் தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு எடை. பாவாடை மாதிரி விரிந்த பின்பகுதி பலவற்றில் நசுங்கியிருந்தது. பேரலுக்குள் காற்றை அடைப்பதே அந்தப் பகுதிதான். அது சரியாக அடைக்காவிட்டால் காற்று கசிந்து வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். பேரலுக்குள் திருகு மாதிரி ஓடும் வரிகளான புரியில் தளர்வாக உட்காருவதும் இறுக்கமாக உட்காருவதும் கலந்தே இருந்தன. விளைவு, அது இடம் மாறி விழவில்லை, இடமே இல்லாமல் விழுந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தும் சேர்ந்து வேறு இடத்தில் விழுந்தால் ஸ்கோப்பின் குமிழைச் சில கிளிக் திருப்பினால் போதும். சிதறினால் எந்தக் கிளிக்கும் உதவாது.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டி அட்டையில் பத்துக்கான புள்ளி அரை மி.மீ. விட்டம்தான். மையத்திலிருந்து ஒவ்வொரு இரண்டரை மி.மீ.க்கும் ஒரு புள்ளி போகும். ஒரு சென்டிமீட்டர் விலகினால் மூன்று நான்கு புள்ளி காலி. அதனால்தான் போட்டியாளர்கள் ஒரே தயாரிப்பிலும் பல பேட்ச்களைத் தங்கள் ரைபிளில் சுட்டுப் பார்த்து, பொருந்துவதை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். கிளப்பில் மருந்துத் தோட்டா போடும் .22 ரைபிள் சுடுபவர்களுக்கும் இதே பாடுதான். ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவுக்குச் சரி செய்து வைத்த சைட் (குறி பார்க்கும் அமைப்பு), வேகத் தோட்டாவுக்கு ஐம்பது மீட்டரில் பொருந்தாது.

குண்டை மாற்றிய பிறகு முதல் சில குண்டுகளை நான் கணக்கில் எடுப்பதில்லை. புரியில் பழைய ஈயம் ஒட்டியிருக்கும், புதியது படிந்த பிறகே குரூப் நிலைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்ததை நான் சுடுவதில்லை. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள்.

இப்போது எக்ஸாக்ட் மட்டும்தான் 25 மீட்டருக்கு. ஒவ்வொரு டப்பா மூடியிலும் பேட்ச் எண்ணையும், எத்தனை கிளிக் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வாரம் வந்த இரண்டு டப்பாவில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. தை பிறந்தால் சம்பா நெல் கிடங்குக்கு வந்துவிடும், அதற்குள் சுட்டுப் பார்த்தாக வேண்டும்.