கடைசலா, புது டிரம்மா? பழைய காரின் பிரேக்குக்கு எது சரி

பழைய காரின் பிரேக் டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணத்தை, கழற்றியதும் உள்ளே கோடு கோடாகப் பள்ளம் தெரிந்தால், லேத்தில் போட்டு உட்பரப்பைச் சீவிக் கடைந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கடையலாம்தான், ஆனால் டிரம்மில் அதற்கு இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அளப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டைதான் ஷூ; அது படாத வெளி விளிம்பில் தேயாத ஒரு மேடு நிற்கும். வெர்னியர் அளவுகோலின் தாடை அதில் போய் உட்கார்ந்தால், தேய்ந்த டிரம்மும் புதிது போலவே அளவு காட்டும். உள்விட்டம் அளக்கும் டிரம் மைக்ரோமீட்டரை உள்ளே இறக்கி, இருப்பதிலேயே ஆழமான பள்ளத்தில், சுற்றிலும் நாலைந்து இடங்களில் அளந்தால்தான் தேய்மானமும் தெரியும், டிரம் கோணியிருப்பதும் தெரியும்.

டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச உள்விட்டம் பெரும்பாலும் கழித்துக்கட்டும் அளவு; அதுவரை கடையலாம் என்று அர்த்தமில்லை. சில அமெரிக்க கார்களின் 9.5 அங்குல டிரம்மை 9.56 வரை கடையலாம், 9.59-ஐத் தொட்டால் மாற்றியாக வேண்டும். இடையிலுள்ள 0.03 அங்குலம், கடைந்த பிறகு ஓடித் தேய்வதற்கு விட்ட இடம். பொறிப்பே இல்லாத பழைய டிரம்முக்கு அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

வரம்புக்குள் இருந்தால் என் ஓட்டு பழைய டிரம்முக்கே. கனமான அசல் வார்ப்பு, சக்கரம் மாட்டும் நடுக்கூடான வீல் ஹப்பில் கச்சிதமாக உட்காரும். ஆனால் கடைந்ததும் விட்டம் கூடிவிடும். பழைய வளைவிலுள்ள ஷூ நடுவில் மட்டும் படும், பெடல் மெத்தென்று இருக்கும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துப் பொருத்தினால்தான் கடைசலுக்குப் பலன். ஒரே ஆக்சிலில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே விட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

வரம்பைத் தாண்டினால் பேரமே கிடையாது. மெலிந்த டிரம் சூட்டை வாங்காது. சீக்கிரம் கொதித்து விரியும், பெடல் கீழே போகும். விரிசல் இருந்தாலும் டிரம்மை மாற்றியாக வேண்டும். டிரம்மைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மணிபோல ஒலிக்காமல் மொத்தையாகச் சத்தம் வந்தால் விரிசல் என்று சந்தேகப்படலாம். கணீரென்று ஒலித்தாலும் கண்ணால் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். நீலம் பாய்ந்த திட்டுகளும் தொல்லைதான்: சூட்டில் இறுகிப்போன இடம் அது, கடைசல் கத்தி அதன்மேல் ஏறி இறங்கும், மேடு அப்படியே நிற்கும். சாணை பிடித்துச் சமப்படுத்தினாலும் ஆழத்தில் இருப்பது மறுபடி தலைகாட்டும்.

புது டிரம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் நகல் வார்ப்புகளில் தரம் ஒன்றுபோல இருக்காது. ஹப்பில் மாட்டிச் சுற்றிவிட்டு, சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜில் ஆட்டம் பார்த்த பிறகே ஷூவை ஏற்றுங்கள். யாரோ கழற்றி வைத்த பழைய டிரம் என்றால், மைக்ரோமீட்டர் இல்லாமல் வாங்கவே போகாதீர்கள். புதிதும் இல்லை, பழையதும் இல்லை என்றால் உள்ளே இரும்பு வளையம் இறக்குவது ஒரு வழி. அதை இந்த வேலையிலேயே ஊறிய பட்டறையில் மட்டும் செய்யுங்கள். பிணைப்பு விட்டுப்போனால் பிரேக்கே இருக்காது.

இன்னொன்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.