கார்ப்பெட்டில் நாற்காலி உருள: ஷீட்டா, சக்கரமா?

கார்ப்பெட்டில் நாற்காலி நகர மறுத்தால், அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடலாம் அல்லது சக்கரங்களையே மாற்றலாம்.

ஷீட் போட்டால் உருளும், கார்ப்பெட்டும் தேயாது. ஆனால் புசுபுசுவென்ற கார்ப்பெட்டில் மெல்லிய பிவிசி ஷீட், சக்கரம் நிற்கும் இடத்தில் குழிந்துவிடும். அப்புறம் நாற்காலி அந்தக் குழிக்கே போய் உட்காரும். பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் தாங்கும், விலைதான் கூட.

என் ஓட்டு சக்கரத்துக்கு. வழக்கமான 50 மி.மீ. சக்கரத்தைவிட 75 மி.மீ. சக்கரம் இழைகளில் குறைவாகவே புதையும். நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்து இழுத்தால் பழையது பெரும்பாலும் கழன்று வந்துவிடும். வாங்கும் முன் சக்கரத்தின் தண்டை (நாற்காலிக் காலில் செருகும் கம்பி) அளந்துவிடுங்கள்: பொதுவாக 11 மி.மீ. விட்டம், சிலவற்றில் 10. இருக்கை கொஞ்சம் உயரும், லீவரால் இறக்கிக்கொள்ளலாம்.

எதற்கும் முதலில் பழைய சக்கரத்தில் சுற்றியிருக்கும் தலைமுடியை வெட்டி எடுத்துப் பாருங்கள்.